படிக்கிற பையன்

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது எனக்கு அடுத்த பெயர் அவனுடையது. மூன்று வருஷம், காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை என்று காதில் விழுந்த பெயர். அது ஏறக்கூடாத ஒரு நோட்டில் ஏறியதற்கு நான் காரணம். அதனால் என் கையால் இன்னொரு தரம் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தன்னைப் பற்றி என்ன கேட்டாலும் வேறு யாரோ சொன்னதையோ எழுதியதையோதான் பதிலாகச் சொல்வான். "காய்ச்சல் விட்டுருச்சாடா?" என்று கேட்டால், "விட்டுருச்சுன்னு டாக்டர் சீட்டுல எழுதிட்டாரு மாப்ள" என்பான். தொட்டுப் பார்த்தால் நெற்றி கொதிக்கும். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க நடுங்கியபடி வகுப்பில் உட்கார்ந்திருந்தான். சீட்டு அப்படிச் சொல்லிவிட்டதால் அவனுக்கும் காய்ச்சல் இல்லை.

ஒருமுறை பள்ளிக்கூட விழாவுக்கு வெள்ளைச் சட்டை தைக்க வேண்டியிருந்தது. எங்கள் தெரு முனைத் தையற்காரரிடம் நான்தான் அழைத்துப் போனேன். அவர் டேப்பை எடுப்பதற்கு முன்பே இவன் தன் அளவுகளை ஒப்பிக்க ஆரம்பித்தான். டிரில் மாஸ்டர் நோட்டில் எழுதி வைத்திருந்த உயரம், மார்பளவு எல்லாம் அப்படியே மனப்பாடம். எழுதியது போன வருஷம். அதற்குள் இவன் நாலு விரற்கடை வளர்ந்து நிற்கிறான்.

"ஏம்ப்பா, ஆளு முன்னாடி நிக்கிறப்ப நோட்டுல இருக்குறதுக்குச் சட்டை தைக்கச் சொல்றியே" என்றார் தையற்காரர்.

இவன் சிரிக்கவில்லை. "டிரில் மாஸ்டர் தப்பா எழுத மாட்டாருண்ணே" என்றான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எனக்கு அப்போது எதற்கெடுத்தாலும் கேலிதான். எங்கள் வீட்டில் நான் ஒரே மகன். அத்தாவுக்குத் தெற்கு மாசி வீதிப் பக்கம் குடைக்கடை. சாப்பாட்டுக்கும் துணிக்கும் குறைவில்லாதவன். நான் யார் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் "குடைக்கடை ராவுத்தர் மகன்" என்பேன், அதோடு முடிந்தது.

அவனுக்கு அது முடியாத கேள்வி. ஊர் எது என்று கேட்டதற்கு முதலில் பழங்காநத்தம் என்றான். பழங்காநத்தத்தில் அவனுடைய மாமா ஒருவர் தோட்டக் காவலுக்கு இருந்தார். இவன் அங்கே தங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்தான். சொந்த ஊர் நாகமலைக்கும் மேற்கே. சித்திரை வெயிலில்கூடக் காதுகளை மூடித் துண்டால் தலைப்பாகை கட்டியிருப்பான். எதற்கு என்று நாங்கள் கேட்டால், "காதுல குளுந்த காத்து ஏறக் கூடாதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காரு" என்பான். மதுரையில் சித்திரை மாதம் குளிர்ந்த காற்று எங்கே இருக்கிறது?

வகுப்புக்குள் தலைப்பாகை கூடாது என்று ஒருநாள் ஆசிரியர் அவிழ்க்கச் சொல்லிவிட்டார். அவிழ்த்தான். காது மடல்கள் இரண்டும் நீளமாகத் தொங்கின, பெரிய துளைகளோடு. அவர்கள் பக்கம் ஆண் பிள்ளைகளுக்கும் சிறு வயதிலேயே காது வளர்த்துவிடுவார்கள். அந்தக் காதைப் பார்த்தால் மதுரையில் எவனுக்கும் தெரியும், இவன் ரேகைக்காரர் வீட்டுப் பிள்ளை என்று.

ரேகைச் சட்டம் என்று ஒன்று அப்போது இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். மேற்கே சில ஜாதிகளில் பிறந்தவர்கள் எல்லோருமே குற்றம் செய்யப் பிறந்தவர்கள் என்று சர்க்கார் முடிவு கட்டிவிட்டது. வயது வந்த ஆண் ஒவ்வொருவனும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பத்து விரலையும் மையில் உருட்டிப் பதிக்க வேண்டும். உடம்பில் உள்ள மச்சம், தழும்பு எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அவன் ஒரு திருட்டும் செய்யாதவனாக இருந்தாலும் ராத்திரியில் வீட்டில் படுக்கக் கூடாது. ஊர்ச் சாவடியில் எல்லா ஆண்களோடும் போய்ப் படுக்க வேண்டும், பெயர் கூப்பிட்டால் எழுந்து பதில் சொல்ல வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்று ஒன்று வாங்க வேண்டும். எப்போது கிளம்பினான், எப்போது திரும்ப வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முந்திய கதை இது.

காது வெளியே தெரிந்த அன்று அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆசிரியர் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "சரி, உட்கார்" என்றார். இவன் உட்கார்ந்தது கடைசி பெஞ்சில். அதுவரை என் பக்கத்தில் இரண்டாவது பெஞ்சில் இருந்தவன். யாரும் போகச் சொல்லவில்லை.

அங்கிருந்து அவனை மறுபடி முன்னால் கொண்டுவந்தவர் கணக்கு வாத்தியார். அது நான்காம் பாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. கால் பரீட்சைத் தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது இவன் தாளை மட்டும் தனியே எடுத்து உயர்த்திக் காட்டினார். "கடைசி பெஞ்சில் ஒரு கணக்குப் புலி உட்கார்ந்திருக்கிறது. இதுவரைக்கும் எனக்குத் தெரியாமல் போச்சே" என்றார். தாளின் மேல் சிவப்பு மையில் 'மிக நன்று' என்றும் எழுதியிருந்தார்.

அன்று சாயங்காலம் குடைக்கடைக்கு வந்தான். அத்தா குடைக் கம்பிகளுக்குத் துணி மாட்டிக்கொண்டிருந்தார். இவன் தாளை என் மடியில் வைத்து, "இது என்னயத்தான் சொல்றாரா மாப்ள?" என்று கேட்டான்.

"உன் தாளுல உன் பேருக்குக் கீழ எழுதியிருக்கு. பின்ன என்னயவா சொல்றாரு?"

"அப்ப நான் கணக்குப் புலியா?"

"ஆமாடா, உறுமு பாப்போம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் கணக்கை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கடையின் பின்பக்கம் பழைய குடைத்துணிக் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டு, வாத்தியார் கொடுக்காத கணக்குகளையும் போட்டான். அடுத்த பாரத்துப் புத்தகத்தைக் கடன் வாங்கி அதையும் போட்டான். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் கணக்கில் அவன்தான் முதல். எனக்கும் சொல்லிக் கொடுத்தான். நான் ஒரு கணக்கில் தடுமாறினால் அவன் முகம் வாடிவிடும், தன் கணக்கு தப்பாகிப் போனது மாதிரி. நான் பின்னாளில் கணக்கில் தேறியது அவன் போட்ட பிச்சை.

அதே பையன் ஐந்தாம் பாரத்தில் கணக்கில் பாதிக்கும் கீழே போனான். மூளை மழுங்கவில்லை. அவனை வேறு ஆளாக ஒருவர் ஆக்கிவிட்டார், அதுவும் அன்பாக.

சரித்திர வாத்தியார் நல்ல மனுஷர். யாரையும் நோகப் பேச மாட்டார். அவருடைய பொறுப்பில் ஓர் அலமாரி இருந்தது. தேசப்படங்கள், ஒரு பூகோள உருண்டை, சில கண்ணாடிச் சட்டம் போட்ட படங்கள். அந்த அலமாரிச் சாவி அடிக்கடி காணாமல் போகும். ஒருநாள் வகுப்பில் அவர் இவனைக் கூப்பிட்டுச் சாவியை உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே இது உன் பொறுப்பு. உங்க ஆளுங்க காவல் இருந்தா ஒரு ஊசி காணாமப் போகாது. அவங்களே எடுத்தாத்தான் உண்டு" என்றார்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்து, அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். நானும் சிரித்தேன். இவன் சாவியைப் பார்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

மறுநாள் சாவி அவன் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. பள்ளிக்கூடத்துக் காவலாளி கேட்டைத் திறப்பதற்கு முன்பே வந்து வெளியே நின்றான். இடைவேளையில் நாங்கள் விளையாடப் போனால் இவன் அலமாரிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பூகோள உருண்டையைத் தினமும் துடைத்தான். வேறு வகுப்பு வாத்தியார் ஒருவர் தேசப்படம் கேட்டு ஆள் அனுப்பியபோது, சரித்திர வாத்தியார் எழுதிக் கொடுத்தால்தான் தருவேன் என்று திருப்பி அனுப்பினான். சரித்திர வாத்தியார் அதை எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார். இவனும் நிமிர்ந்துதான் நடந்தான். துண்டைக்கூடத் தலையில் கட்டுவதை விட்டுவிட்டான். காவல்காரன் காது அப்படித்தானே இருக்கும்.

அரைப் பரீட்சையில் கணக்குத் தாளை அரை மணி நேரம் முந்தியே கொடுத்துவிட்டு எழுந்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பிடித்தேன். அலமாரியைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா பாதியில எந்திரிச்ச? அந்தக் கடைசிக் கணக்கு உனக்குத் தெரிஞ்ச கணக்குதான?"

"தெரியும். இன்னைக்கு மூணு வகுப்புக்குப் படம் போயிருக்கு. திரும்பி வந்துருச்சான்னு பாக்கணுமில்ல?"

"பரீட்சையவிட அது பெருசா?"

"காவக்காரனுக்கு எதுக்கு மாப்ள அல்ஜீப்ரா?" என்றான். கசப்பாகச் சொல்லவில்லை. ஆட்டுக்காரனுக்கு எதற்குக் குடை என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

கணக்கு வாத்தியார் ஒன்றிரண்டு முறை கோபித்துப் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்புவதையே நிறுத்திவிட்டார். அந்த வருஷம் முழுப் பரீட்சையில் அவன் எப்படியோ ஒட்டிக்கொண்டு தேறினான்.

அவனை அந்தச் சாவியிலிருந்து விடுவித்தது அவனுடைய அய்யா. அவர் ஒரே ஒருமுறைதான் எங்கள் கடைக்கு வந்தார். ஆறாம் பாரம் தொடங்கிய மாதம். உயரமான மனுஷர், மகனைப் போலவே நீண்ட காது. கடைக்குள் வந்து உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அத்தாவிடம் நீட்டினார்.

"எம்புட்டு நேரம் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க ராவுத்தரே. வாசிக்கத் தெரியாது."

அத்தா வாசித்தார். "அஞ்சு மணிக்குள்ள ஊர்ல இருக்கணும்னு போட்டுருக்கு."

அய்யா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. அத்தாவே மணியைச் சொன்ன பிறகுதான் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். மகன் பின்பக்கம் இருந்து வந்து நின்றான்.

"எங்கூரு மணியக்காரர் நோட்டுல இவன் வயசு ஏறிக்கிட்டே வருது" என்று அத்தாவிடம்தான் சொன்னார். "இவன் சோட்டுப் பயலுக அம்புட்டுப் பேரும் ரேகை வச்சாச்சு. இவன் பேருக்கு நேரா மட்டும் 'படிக்கிற பையன்'னு எழுதி வச்சிருக்காரு. அதனாலதான் இன்னும் கூப்பிடாம இருக்காக. பெரிய பரீச்சை பாஸ் பண்ணிப்புட்டா விலக்குச் சீட்டு குடுத்துருவாகளாம். பெறகு எந்த நோட்டுலயும் பேரு ஏறாது."

"நல்லாப் படிக்கிற பையன்தான். பாஸாயிருவான்" என்றார் அத்தா.

"எங்க வகையறாவுல ஒருத்தனாவது ராத்திரி சொந்த வீட்டுல படுக்கணும் ராவுத்தரே. எங்கப்பனும் படுக்கல, நானும் படுக்கல. கலியாணத்தன்னைக்கும் சாவடிதான்." சொல்லிவிட்டு மகன் பக்கம் திரும்பினார். "ஃபெயிலாப் போனேன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்டா. மணியக்காரர் அந்த ரெண்டு எழுத்த அடிச்சுருவாரு, அம்புட்டுத்தான்."

போகிற வழிக்கு அத்தா ஒரு குடை கொடுத்தார். வாங்கிக்கொள்ளவில்லை. குடையோடு போனால் எங்கே எடுத்தாய் என்று வழியில் கேட்பார்கள் என்றார்.

அவர் போனதும் இவன் என்னைப் பார்த்து, "படிக்கிற பையன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டான். ஏதோ பட்டம் வந்த மாதிரி கண் விரிந்திருந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சரித்திர வாத்தியாரிடம் போய்ச் சாவியை மேசை மேல் வைத்தான்.

"என்னப்பா, காவல் வேலை பிடிக்கலையா?"

"நான் படிக்கிற பையன் சார்" என்றான்.

வாத்தியார் அதற்கும் சிரித்தார். இவன் இரண்டாவது பெஞ்சுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

அந்த எட்டு மாதம்போல் அவன் என்றும் படித்ததில்லை. இங்கிலீஷ் அவனுக்கு வராது. நான் சொல்லிக் கொடுத்தேன். பதிலுக்கு அவன் எனக்குக் கணக்கு. பாடத்தை நடந்துகொண்டே சொல்வான். பழங்காநத்தத்திலிருந்து பள்ளிக்கூடம் வருகிற தூரத்துக்கு எத்தனை பக்கம் என்று கணக்கு வைத்திருந்தான். அரைப் பரீட்சையில் கணக்கில் பழையபடி முதலாக வந்தான். இங்கிலீஷிலும் தேறினான். தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்து, கட்டாயம் தேறுவார்கள் என்று தாம் நம்புகிறவர்களின் பெயர்களை வாசித்தார். அதில் அவன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. அன்று அவன் எனக்காக வருத்தப்பட்டது போல முகத்தை வைத்துக்கொண்டான், ஆனால் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தை மாதம் முடிந்து ஒரு நாள். பெரிய பரீட்சை எழுதப் போகிறவர்களுக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் என்று ஒன்று தயாராகும். பெயர், பிறந்த தேதி, மார்க்கு, கடைசியில் அங்க அடையாளம். ஆள் மாறாட்டம் நடக்கக் கூடாது என்பதற்காக மாணவனின் உடம்பில் உள்ள மச்சம் அல்லது தழும்பு இரண்டைக் குமாஸ்தா பார்த்து எழுத வேண்டும். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் எல்லாப் பையனுக்கும் உள்ளதுதான். எங்கள் குமாஸ்தாவுக்குக் கண் பார்வை மட்டம். எனவே என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று மச்சங்களைத் தேடிச் சொல்லச் சொன்னார். அகர வரிசையில் பாதிப் பேர் முடிந்ததும் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. மத்தியானம் என் முறை, அதற்கடுத்து அவன்.

நான் தாழ்வாரத்துக்கு வந்தேன். அவன் தூணோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆபீஸ் அறைக்குள் ஒவ்வொருவனாகப் போய் வருவதை மட்டும் பார்த்திருக்கிறான்.

"உள்ள என்ன மாப்ள எழுதுறாரு?" என்று கேட்டான்.

என் நாக்கில் சனி. "மச்சம், தழும்பு எல்லாம் பாத்து எழுதுறாரு. மத்தவனுக்கெல்லாம் சும்மா பேருக்கு. உன்னயத்தான் விசேஷமா எழுதணுமாம். ஸ்டேஷன்ல இருந்து கேட்டுருக்காங்க. காதையும் அளக்கணுமாம்" என்றேன்.

"ஸ்டேஷன்லயா?"

"ஆமா. மத்தியானம் மச்சம். நாளைக்கு அவங்களே மையோட வாராங்க" என்றேன்.

முதுகில் ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தேன். நாங்கள் எப்போதும் அப்படித்தான். நான் சீண்டுவேன், அவன் அறைவான். அன்று அறையவில்லை. புத்தகத்தை மூடினான். "எழுதியாச்சா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல. சாப்பாடு முடிஞ்சதும்."

தலையை ஆட்டினான். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தான். முகம் கழுவப் போகிறான் என்று நினைத்தேன். எனக்குப் பசி. நான் சாப்பிடப் போனேன்.

மத்தியானம் குமாஸ்தா அவன் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். தாழ்வாரத்தில் அவனுடைய இங்கிலீஷ் புத்தகம் மட்டும் இருந்தது. எங்கே போனான் என்று குமாஸ்தா என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

ஒரு வாரம் வரவில்லை. பழங்காநத்தத்து மாமாவிடம் கேட்டேன். அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டான் என்றார். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "அவன் புத்தகத்தில் அடையாளம் எழுதவில்லை. திங்கட்கிழமைக்குள் வந்தால் நான் சேர்த்து அனுப்பிவிடுவேன். அதற்குப் பிறகு என் கையில் இல்லை. நீ அவன் சினேகிதன்தானே, போய்க் கூட்டி வா" என்றார். நான் சொன்ன கேலிப் பேச்சை அவரிடம் சொல்லவில்லை. அத்தாவிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகமலை புதுக்கோட்டை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மேற்கே நடந்தேன்.

வழி நெடுக ஒன்றையே நினைத்துக்கொண்டு போனேன். பயந்து வீட்டில் ஒளிந்திருப்பான், சும்மா சொன்னேன்டா மடையா என்று சொல்லி, நாலு அறை வாங்கிக்கொண்டு, கையோடு கூட்டி வந்துவிடலாம். அறை வாங்குவதற்கு முதுகை ஆயத்தமாக வைத்துக்கொண்டுதான் நடந்தேன்.

அவன் ஒளிந்திருக்கவில்லை. கிணற்றில் கமலை இறைத்துக்கொண்டிருந்தான். மாட்டை நிறுத்திவிட்டு, "வா மாப்ள, வா மாப்ள" என்று ஓடி வந்தான். தலையில் துண்டு இல்லை. கையைப் பிடித்தபோது பார்த்தேன், நகக்கண்களில் கறுப்பு மை இன்னும் போகவில்லை. பத்து விரலிலும் இருந்தது.

"வச்சுட்டேன் மாப்ள" என்றான். "பள்ளிக்கூடத்துல வந்து அம்புட்டுப் பேருக்கு முன்னாடி புடிச்சுட்டுப் போவாய்ங்க, அதுக்கு நம்மளாவே போயிருவோம்னு சித்தப்பா சொன்னாரு. மறுநாளே போயிட்டேன். ஏட்டையா அசந்துட்டாரு. இந்த ஊருல தானா வந்து ரேகை வச்ச மொத ஆளு நீதாண்டான்னாரு. நல்ல பையன்னு சொன்னாரு."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில், கணக்குத் தாளை என் மடியில் வைத்த அன்று இருந்த அதே வெளிச்சம்.

"நாளைக்கு வரைக்கும் நேரம் இருக்குடா. ஹெட்மாஸ்டர் உன்னயக் கூட்டியாரச் சொன்னாரு. சீட்டு வாங்கிக்கிட்டு வா. பரீட்ச எழுதலாம்" என்றேன்.

"அவருக்கு இன்னும் தெரியாது போல" என்றான் பரிதாபமாக. அந்தப் பரிதாபம் தலைமையாசிரியர் மேல். "ரேகை வச்சவன் எப்படி மாப்ள பரீட்ச எழுதுவான்? மணியக்காரர் அந்த எழுத்த அடிச்சுட்டாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"அடிச்சா என்னடா? படிச்சது மறந்தா போச்சு?"

"மறக்கல. ஆனா இப்ப நான் படிக்கிற பையன் இல்லயில்ல?"

அவனை அசைக்க ஒரே வழிதான் இருந்தது. பள்ளிக்கூடம் ஸ்டேஷனுக்கு எதுவும் எழுதவில்லை, உன்னை எவரும் தேடவில்லை, நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் ஒருவேளை வந்திருப்பான். விரலைப் பதித்தவனும் பரீட்சை எழுதலாம், விலக்கும் கேட்கலாம். சட்டத்தில் இடம் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் சொல்வதற்கு வாயைத் திறந்தபோது அவனுடைய அய்யா வேப்பமரத்தடியில் இருந்து எழுந்து வந்தார். ஒரு வாரத்தில் மெலிந்து போயிருந்தார்.

"தம்பி," என்றார். "பள்ளிக்கூடத்துல இருந்து எதுக்கு ஸ்டேஷனுக்கு எழுதுனாக? எம்மவன் அங்க என்ன தப்புப் பண்ணுனான்?"

நான் அந்த மனுஷரின் முகத்தைப் பார்த்தேன். "தெரியலைங்க" என்றேன்.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. எனக்குப் பயம், வெட்கம், இரண்டும். இத்தனை வருஷம் கழித்து அதற்கு வேறு நல்ல காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அந்த வருஷம் நான் பரீட்சையில் தேறினேன், கணக்கில்தான் அதிக மார்க்கு. அந்தச் சட்டத்தைச் சர்க்கார் எடுத்தபோது அவனுக்கு முப்பது வயது நெருங்கியிருக்கும். அதுவரை ஒவ்வொரு ராத்திரியும் அவன் சாவடியில் படுத்திருப்பான்.

அன்று கூழ் கொடுத்தார்கள், குடித்தேன். கிளம்பும்போது அவனும் கூட நடந்து வந்தான். ஊர் எல்லையில் ஒரு கல் நட்டிருந்தது. அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டான்.

"இதுக்கு மேல சீட்டு இல்லாம வரக் கூடாது மாப்ள" என்றான்.

"சரிடா, வாரேன்" என்றேன்.

நான் நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து கூப்பிட்டான். திரும்பினேன்.

"பள்ளிக்கூடத்துல எம்புட்டோ பேரு இருந்தாய்ங்க. ஒருத்தன் சொல்லல. நீ ஒருத்தன்தான் எனக்கு முன்கூட்டியே சொன்ன. இல்லாட்டி அம்புட்டுப் பேரு பாக்க வெலங்கு மாட்டித்தான் கூட்டிட்டுப் போயிருப்பாய்ங்க. இந்த உதவிய மறக்க மாட்டேன் மாப்ள."

"பரவாயில்லடா" என்றேன்.